மழை சொன்னவனின் முதல் விதை

மாரி மழை எப்போது பிடிக்கும் என்று களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் அந்த நாளில் பத்துப் பேரைக் கேட்டிருந்தால், ஒன்பது பேர் என் வீட்டுப் படலையைக் காட்டியிருப்பார்கள். பத்தாவது ஆள் நானாக இருந்திருப்பேன். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதினால் வரி ஏறியும் இறங்கியும் போகும். ஆனால் வானத்தையும் வரம்பையும் வாசிக்க எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பெருநிலக்காரரான ஒரு போடியாரின் எருமைகளுக்குப் பின்னால் நடந்து நடந்து நானே படித்தது அது. எருமைக்குப் பின்னால் போகிறவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை? முப்பத்தைந்து வயதில் அதே போடியாரின் மகனிடமிருந்து வரம்பு கட்டிய எட்டுத் துண்டு, எட்டுக் கண்டம் வயலை என் பெயருக்கு எழுதுவித்தேன். அப்படி வந்தவன் நான்.

இந்த அறிவைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். போகமாட்டேன். ஏனென்றால் சண்டைக் காலத்தில் ஒரு புரட்டாதி மாதம், என் மனைவியின் தம்பியை வாவிக்கு அப்பால் அனுப்பியது இந்த அறிவுதான். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கத்தில். வயல் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். இடையில் தண்ணீர். தண்ணீரின் இந்தப் பக்கம் ஒருவர் கையில், அந்தப் பக்கம் வேறொருவர் கையில். ஆட்களையும் மாட்டையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு குறுக்கே போகும் மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். அதில் ஏற அந்த நாளில் பாஸ் வேண்டும். வீட்டுக்கு ஒரு ஆளுக்குத்தான் பாஸ்.

எங்கள் வட்டை மழையை நம்பிய வட்டை. இருபது குடும்பத்து வயல்கள் ஒரே வெளியாகக் கிடக்கும். ஆவணியில் காய்ந்த மண்ணை உழுது புழுதியாக்கி வைப்போம். மழைக்குச் சற்று முன் அந்தப் புழுதியில் நெல்லை வீச வேண்டும். முந்தி வீசினால் குருவியும் எலியும் தின்னும். பிந்தினால் முளை நிலம் பிடிக்குமுன் வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போகும். ஆகவே நாள் பார்ப்பதுதான் எல்லாம். சண்டைக் காலத்தில் விதை நெல் ஒருமுறை கெட்டால் மறுமுறைக்கு எங்கிருந்தும் எடுக்க முடியாது. கெட்டால் அந்த வருடம் சோறு இல்லை, அவ்வளவுதான்.

அதனால் எங்கள் வட்டையில் பழைய நியாயம் ஒன்று இருந்தது. மழை சொல்கிறவன் முதலில் தன் விதையைப் போட வேண்டும். அவன் மூன்று நாள் விதைத்த பிறகுதான் மற்றவர்கள் விதைப்பெட்டியைத் தூக்குவார்கள். அவன் சொல் பிழைத்தால் அவன் நெல் முதலில் கெடட்டும் என்பதுதான் அதன் பொருள். பதினொரு வருடம் நான் சொன்னேன், நானே முதலில் விதைத்தேன். ஒரு வருடமும் பிழைக்கவில்லை. பன்னிரண்டாவது வருடம்தான் இது.

அந்த வருடம் கச்சான் காற்று ஓயவே இல்லை. வைகாசியில் மேற்கிலிருந்து தொடங்கும் அந்த வறட்டுக் காற்று ஆவணி முடிவில் மூச்சு வாங்கும். பிறகு ஓரிரு நாள் இலை அசையாது. தும்பி தாழப் பறக்கும். வாவியில் பச்சை மங்கி ஒரு கலங்கல் விழும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும். அதன் பிறகு கிழக்கே மின்னும். இதுதான் வழக்கமான வரிசை. அந்த வருடம் புரட்டாதி பிறந்தும் கச்சான் ஊதிக்கொண்டே நின்றது. சனம் என் முகத்தைப் பார்த்தது.

அப்போதுதான் நான் அதைக் கண்டேன். வயலைப் பார்க்க என் பாஸில் போயிருந்தேன். மேற்கே காட்டு ஓரத்திலிருந்து மயில்கள் வெளியே வந்து, மனிதன் நிற்கிறான் என்ற கூச்சமே இல்லாமல் வயல் நடுவில் நடந்தன. பகல் நேரத்தில் பன்றிக் கூட்டமொன்று குட்டிகளோடு வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே ஓடியது. பின்னேரம் காட்டுக் குளங்களில் அடைய வேண்டிய நாரைகளும் நீர்க்காகங்களும் வந்த வழியே திரும்பி வாவிக் கரைக் கண்ணா மரங்களில் வந்து விழுந்தன. மரம் வெள்ளையாகிவிட்டது.

என் எருமைக் காலத்தில் இதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். மேற்கே மலைப் பக்கம் பெருமழை பெய்து காட்டுக் குளங்கள் உடைப்பெடுத்தபோது மிருகங்கள் இப்படித்தான் இறங்கி வந்தன. ஐந்தாம் நாள் மழை இங்கே வந்தது. ஆகவே எனக்குச் சந்தேகம் இல்லை. மற்றவன் கிழக்கே மின்னலுக்குக் காத்திருப்பான், நான் மேற்கே பன்றியைப் பார்த்துச் சொல்வேன் என்ற எண்ணம் வந்துவிட்டது. அந்த எண்ணம் வந்ததும் மனிதனுக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

கோயில் வெளியில் வட்டைக்காரர் கூடினார்கள். காலை பத்து மணி இருக்கும். எங்களுக்குள் மூத்தவர், எதற்கும் பகிடி விடுகிறவர், தொடங்கினார்.

“என்ன, இந்த வரிசம் உங்கட மழைக்கும் பாஸ் எடுக்கணுமோ?”

“என்ட மழை மேகத்தில வாற மழை. பாதையில ஏறி வாறதில்ல,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கண்டதைச் சொன்னேன். மயில், பன்றி, நாரை. “செவ்வாக்கிழமை நான் தொடங்கிறன். வெள்ளிக்கு நீங்க எல்லாரும் விதைப்பெட்டியத் தூக்குங்க. மறு கிழமை மழை.”

என் மச்சான் பின்னால் நின்றான். மனைவியின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாதவன், எங்களோடேயே இருந்தவன். முப்பது வயது, கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். நல்ல வேலைக்காரன், விதைப்பில் கை எனக்குச் சமம். அவன் நெல் வீசினால் கோடு போட்டதுபோல் விழும்.

“அத்தான், ஒண்டு கேக்கன்,” என்றான். “எறும்பு இன்னும் முட்டை தூக்கல்ல. எங்கட வளவில புத்தெல்லாம் கீழதான் கிடக்கு. கச்சானும் நிக்கல்ல. பண்டி மட்டும் வந்தா மழையா?”

“எறும்புக்கு அதுட வளவு மட்டும்தான் தெரியும் மச்சான். பண்டிக்குக் காடு தெரியும்.”

“பண்டி எதுக்கும் ஓடும் அத்தான்.”

அவன் மெதுவாகத்தான் சொன்னான். அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டியவன் நான்தான். ஆனால் பகிடிக்காரர் உடனே, “கேட்டீங்களா, பத்தாம் வகுப்பு மூண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்குது!” என்றார். வெளி முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

“பயமெண்டாச் சொல்லு,” என்றேன்.

“எனக்கென்ன பயம். விதை நெல்லு பாவம் எண்டன்.”

“அப்ப நீயே போய் விதை. எறும்புக்காரன் கையால விழுந்த நெல்லு முளைக்கட்டும். அதையும் எல்லாரும் பாக்கட்டும்.”

சபை ஒத்துக்கொண்டது. மழை சொன்ன வீட்டு விதை விழுந்தால் போதும், யார் கை என்று நியாயத்தில் இல்லை என்றார்கள். அப்படி ஒரு பேச்சு அதற்குமுன் எழுந்ததே இல்லை. எழ வேண்டிய தேவை இருந்ததில்லை.

வீட்டில் மனைவி கேட்டாள்.

“மழை சொன்ன நீங்க. போறது அவனா?”

“வீட்டுக்கு ஒரு ஆள்தானே போகலாம். என்ட சொல்லில சந்தேகப்பட்டவன் அவன்தான். அவன்ட கண்ணால பாக்கட்டும்.”

“நீங்க போங்க. அதுதான் முறை.”

“முறையை நீ எனக்குச் சொல்லித்தர வேணாம்.”

அவள் அடுப்படிக்குப் போனாள். கருவாட்டுக் குழம்பும் சோறும் வாழையிலையில் கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை துறைக்கு நானும் போனேன். காவலுக்கு நின்றவன் விதை மூட்டைக்குள் இரும்புக் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தான். நெல் கொட்டியது. மச்சான் குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி மூட்டைக்குள் போட்டான். பாதை நகரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“அத்தான், மழை வராட்டி மிச்ச நெல்லக் கிறுகக் கொண்டு வரட்டா?”

“கொண்டு வந்தா நீயே குத்தித் தின்னு,” என்றேன்.

அவனிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். இத்தனை வருடத்தில் அதை எத்தனையோ விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்னது சொன்னதுதான்.

புதன்கிழமை பின்னேரம் ஹெலிகொப்டர்கள் வாவியைத் தாண்டி மேற்கே போயின. பாதையை நிறுத்திவிட்டார்கள். மேற்கிலிருந்து வெடிச் சத்தம் வந்தது. வெள்ளி காலையில்தான் அந்தப் பக்கத்துச் சனம் கிடைத்த தோணிகளில் கரையேறத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் வந்து இருந்தார்கள். நான் ஒவ்வொரு வகுப்பறையாகப் போய்த் தேடினேன். மச்சான் இல்லை. எங்கள் வயலுக்கு அடுத்த கிராமத்தில் மாடு வைத்திருந்த ஒருவர் இருந்தார். அவர் சொன்னார்:

“காட்டுக்குள்ள ஒரு கிழமையா ஆளுகள் படுத்துக் கிடந்திரிக்காங்க. சத்தம் இல்ல, நெருப்பு இல்ல, சோறு கூட ஆக்கல்லியாம். எங்களுக்குத் தெரியா. பண்டிக்குத் தெரிஞ்சிரிக்கு. மயிலுக்குத் தெரிஞ்சிரிக்கு. எல்லாம் வெளிய ஓடிச்சிதே, காணல்லியா நீங்க?”

“கண்டன்,” என்றேன்.

எந்த ஆட்கள் என்றும் அவர் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. தோளில் துவக்கோடு திரிந்தவர்கள் அந்த நாளில் பல பேர். என் கண்ணால் நான் ஒருவரையும் காணவில்லை. நான் கண்டது பன்றியைத்தான். அதையும் பிழையாகக் கண்டேன்.

வேறொன்றையும் அவர் சொன்னார், அதை மனைவி பக்கத்தில் நின்று கேட்டாள். புதன்கிழமை வயல்வெளியில் அகப்பட்டவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. வியாழக்கிழமை கிராமத்துக்குள் பிடிபட்டவர்களை லொறியில் முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர்களில் சிலரை விடுகிறார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. புதனா, வியாழனா? அவன் புதன்கிழமை வேலையை முடித்துக்கொண்டு இருட்டுமுன் கிராமத்துக்குப் போயிருந்தால், வியாழக்கிழமைக்காரரோடு எங்கோ உயிரோடு இருப்பான். மனைவி இதை என்னிடம் சொல்லவில்லை. விரல் மடித்து நாள் எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

கச்சான் மேலும் இரண்டு கிழமை ஊதியது. நான் சொன்ன மறு கிழமையில் ஒரு துளி விழவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் காற்று நின்றது, எல்லாம் அதன் வரிசைப்படி நடந்தது, கிழக்கே மின்னியது, மழை பிடித்தது. நான் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒருவரும் கேட்கவுமில்லை. பகிடிக்காரர் மட்டும் மழைக்குள் குடையோடு வந்து விறாந்தையில் நின்றார். அன்று அவரிடம் பகிடி இல்லை.

“முறை இல்லாட்டிச் செவ்வாக்கிழமையே எங்கட இருவது குடும்பத்திலயும் ஆள் போயிரிக்கும். உங்கட விதை முந்தி விழட்டும் எண்டு பாத்து நிண்டதாலதான் எங்கட பிள்ளைகள் தப்பின.”

நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். உள்ளே மனைவி இருந்தாள். அவர் போகும்வரை நான் நிமிரவில்லை.

பாதை திறந்தபோது மழை தொடங்கிப் பத்து நாள். எனக்கும் அவளுக்கும் சேர்த்துப் பாஸ் தந்தார்கள், காணாமல் போனவரைத் தேடுகிற வீடு என்பதால். இரண்டு மணி நேரம் சேற்றில் நடந்தோம். வழியில் எரிந்த வாடிக் குடிசைகள். வட்டைக்குள் இறங்கும்போது முதலில் என் கண்ணில் பட்டது பச்சை.

இருபது குடும்பத்து வெளி முழுதும் கறுத்த சேறாகக் கிடக்க, எங்கள் வயலில் மட்டும் பயிர். விரல் உயரம். தின்ன வேண்டிய குருவியும் பன்றியும் அந்த நாட்களில் வெடிச் சத்தத்துக்கு ஓடி அந்தப் பக்கமே இல்லாததால், போட்ட நெல் போட்ட இடத்தில் கிடந்து மழைக்கு முளைத்திருந்தது. அவன் கைதான் அது. பிசகில்லாமல், அடர்த்தி ஒரே சீராக.

நான் வரம்பில் நின்று வாசிக்கத் தொடங்கினேன். வேண்டாம் என்று நினைத்தாலும் கண் வாசித்துவிடும். நாங்கள் நாளுக்கு மூன்று கண்டம் விதைக்கிறவர்கள். காலையில் இரண்டு, சோறு தின்ற பிறகு ஒன்று. செவ்வாய்க்கிழமை அவன் வந்து சேர மத்தியானமாகியிருக்கும். ஆகவே அன்றைக்கு ஒரு கண்டம். புதன் காலை இரண்டாவதும் மூன்றாவதும். புதன் பின்னேரம் நாலாவது. எட்டும் பச்சையாக இருந்தால் அவன் எப்படியோ வெள்ளிவரை நின்றிருக்கிறான். ஐந்தாவதில் ஒரு முளை இருந்தாலும் போதும், வியாழன்.

ஐந்தாவது கண்டம் சேறு. நாலாவது பாதியில் நின்றது.

பாதியில் என்றால், வரம்பு கட்டியதுபோல் நின்றது. அந்த இடத்தில் ஒரு பாய் அளவுக்குப் பயிர் நாற்றுமேடைபோல் நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி முளைத்திருந்தது. விதைப்பெட்டி அங்கே கவிழ்ந்திருக்கிறது. பெட்டி இல்லை. அந்தக் குவியலிலிருந்து கிழக்கே, வாவிப் பக்கமாக, ஒற்றை வரியாகச் சில முளைகள் போயின. எட்டடிக்கு ஒன்று, பத்தடிக்கு ஒன்று. நெல் வீசுகிறவன் பெட்டி குறையும்போது மடியிலும் கொஞ்சம் கட்டிக்கொள்வான். சாரன் மடியிலிருந்து சிந்தியது அது. முளைகளுக்கிடையில் இருந்த தூரம் நடக்கிறவனின் தூரம் இல்லை.

வரி வாய்க்கால் வரம்புவரை போயிற்று. வரம்புக்கு அப்பால் வெள்ளம்.

மனைவி எனக்குப் பின்னால் நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவளும் வேளாண்மைக்காரனின் மகள் என்பதை நான் அவ்வளவாக எண்ணிப் பார்த்ததில்லை. அவள் எனக்கு முன்பே அந்த ஒற்றை வரியைப் பிடித்து வாய்க்கால்வரை போய் நின்றிருந்தாள்.

“ஓடியிரிக்கான்,” என்றாள்.

“ஓம்.”

“இது எத்தினையாம் கண்டம்?”

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி பார்த்தேன். அவள் எண்ணிவிட்டுத்தான் கேட்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

“நாலு,” என்றேன்.

அவள் வரம்பில் உட்கார்ந்தாள். அழவில்லை. பிறகு எழுந்து, சேலையில் ஒட்டிய சேற்றை வழித்துவிட்டு, “வாங்க. பேர் பதியிற கந்தோர் பூட்டிருவாங்க,” என்றாள்.

திரும்பிப் பாதையில் வரும்போதுதான் அவள் அதைச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்.

“வியாழன் எண்டு குடுங்க.”

“கண்டதுக்கு மாறாவா?”

“புதன் எண்டா ஆரும் தேடமாட்டாங்க. வியாழன் எண்டா முகாம் பேர் இடாப்பில பாப்பாங்க.” பிறகு, “இவ்வளவு காலமும் கண்டதத்தானே சொன்னீங்க,” என்றாள்.

பாதை கரையில் முட்டியதும் நாங்கள் நேரே கந்தோருக்குப் போனோம். 

கந்தோரில் காணாமல் போனவர்களின் விபரம் எடுக்கிற மேசைக்கு முன் நீளமான வரிசை. எங்கள் முறை வந்தது. கிளாக்கர் களைத்துப் போயிருந்தார், தலை நிமிராமல் கேட்டார். பெயர் சொன்னேன். வயது சொன்னேன். என்ன வேலையாகப் போனவர் என்றார், விதைக்க என்றேன். ஆர் அனுப்பியது என்று அவர் கேட்கவில்லை, அந்தத் தாளில் அப்படி ஒரு கேள்வி இல்லை. நானாகச் சொன்னேன், நான் அனுப்பினேன் என்று. அவர் அதை எழுதவில்லை.

“காணாமல் போன திகதி?”

மனைவி என் கைக்குப் பக்கத்தில் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வியாழக்கிழமை,” என்றேன்.

“கடைசியாக் கண்டது ஆர்?”

“நான்.”

அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். நான் இந்தக் கரையில் இருந்தவன் என்பது மேலே அவர் எழுதியதிலேயே இருந்தது. எழுதி முடித்து, தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். விரல் அடையாளத்துக்கு மைப்பெட்டியைத் தள்ளினார். நான் பேனையைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த புரட்டாதியில் வட்டைக்காரர் வந்து கேட்டபோது, வட்டையை மேற்பார்க்கிற விதானையிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு ஒரு வருடமும் நான் நாள் சொல்லவில்லை. முகாம்களிலிருந்து விட்டவர்கள் வந்தார்கள், வராதவர்களின் வீடுகளுக்குக் கடிதம் வந்தது. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. எங்கே பதிவு கேட்டாலும் அந்தத் தாளைத்தான் எடுக்கிறார்கள், திகதியைப் பார்க்கிறார்கள், வியாழக்கிழமைக்காரர் இடாப்பில் தேடுகிறோம் என்கிறார்கள். மனைவி ஓம் என்கிறாள். நானும் ஓம் என்கிறேன்.